சந்தனத்துக்கு அடியில் இருந்த படம்

எழுத்துரு செய்யக் கற்றுக்கொண்ட வருடம் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் லேபிள் அச்சடிக்கும் பிரிவில் கணினி வேலை பார்த்தேன். க-வையும் உகரக் குறியையும் தனித்தனியாகத் தட்டினால் திரையில் 'கு' என்று ஒரே வடிவம் வருகிறதே, அது எழுத்துருவுக்குள் யாரோ எழுதிவைத்த மாற்று விதி. கோப்பில் இருப்பது ஒன்று, கண்ணுக்குத் தெரிவது வேறு. அது புரிந்த அன்று உள்ளூர ஒரு பயம் வந்தது. நான் அதை மதிக்கவில்லை.

அந்த வித்தையை எச்சரிக்கைப் படங்களுக்குக் கொண்டுவந்தேன். 'ப1' என்று தட்டினால் கையில் பிடிக்கலாம் என்கிற படம். 'ப12' என்றால் தரையில் வைத்துப் பற்றவைத்து விலகிப்போகிற படம். விதிகள் மேலிருந்து கீழாக வேலை செய்யும். சின்ன விதி முந்திக்கொண்டால் 'ப12'-இல் இருக்கிற 'ப1'-ஐயும் விழுங்கிவிடும், பெரிய விதிக்கு வேலையே வராது. இது தெரிந்தும், சீசன் அவசரத்தில், பார்க்க வரிசையாக இருக்கட்டும் என்று சின்னதை மேலே தூக்கி வைத்தேன். மறுபடி சோதிக்கவில்லை, அம்புட்டுத் திமிர்.

அணுகுண்டு வெடிக்கான லேபிள் மெஷினில் ஏறியது. முதல் தாளின் மூலையில் சந்தனம் அப்பிச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டுவது எங்கள் முதலாளி அண்ணாச்சியின் வழக்கம். எச்சரிக்கைப் படம் அந்த மூலையில்தான் இருந்தது. சந்தனம் வைத்த தாளை யாரும் சரிபார்க்க மாட்டோம், சாமி பார்த்தாயிற்று என்று கணக்கு. மெஷின்காரர்கள் நிறத்தை மட்டும்தான் பார்ப்பார்கள்.

பத்து நாளில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. அடியில் ஒரு கை வெடியைப் பிடித்திருந்தது. பக்கத்தில் அனாதையாக ஒரு 2. ஓடிப்போய்க் கோப்பைத் திறந்தேன். 'ப12' என்று சரியாகத்தான் இருந்தது. அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, அணுகுண்டு லோடு எங்கன இருக்கு?"

"அது சாத்தூரத் தாண்டி எட்டு நாளாச்சு தாயி. எதுக்குக் கேக்க?"

சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கடை கடையாக போன் போட்டார். பாதிப் பெட்டிகள் திரும்பி வந்தன. மீதி விற்றுப் போயிருந்தது.

தீபாவளிக் காலையில் வாசலில் நின்றேன். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு அலறல் வருகிறதா என்றே என் காது காத்திருந்தது. எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் எங்கள் தெருவில் விற்றவை அல்ல.