மறைப்புக்குள் போன ஆட்கள்

என் தங்கை மாரிச்செல்வி தென்காசியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறாள். லீவு நாளில் அவள் எடுப்பது தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவியின் படம். ஆறு வருஷத்தில் பன்னிரண்டு கூடு. அவளால் ஒரு முட்டைகூடக் கெட்டதில்லை. நான் எட்டாவதுதான் படித்தேன் என்றாலும், எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கூட்டுக்கு இருபது அடி தள்ளிப் பழைய பச்சைச் சேலையில் ஒரு மறைப்பு கட்டுவோம். ஒரு ஸ்டூல் போட்டால் இடம் தீர்ந்துவிடும். இரண்டு பேருமாக அதுவரை நடந்து போவோம். அவள் உள்ளே உட்காருவாள், நான் மட்டும் திரும்புவேன். குருவிக்கு எண்ணத் தெரியாது. ஆள் போய்விட்டது என்று நம்பி வந்து அடைகாக்கும்.

போன வைகாசியில் சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் வற்றிய குளம் ஒன்றில் நாலு முட்டை பார்த்தோம். இருபத்தெட்டாம் நாள் ஒரு முட்டையில் கீறல் விழுந்திருந்தது. குஞ்சு வெளியே வரும் படம் அவளிடம் அதுவரை இல்லை. காலை ஒன்பதேகாலுக்கு அவளை விட்டுவிட்டு நான் கரையேறினேன்.

குருவி உட்காரவில்லை. மறைப்புக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. இருபது நிமிஷம் போனது. வெயில் ஏறியது. தாய் வந்து மறைக்காவிட்டால் முட்டை வெந்துபோகும்.

போன் வந்தது. மாரி கிசுகிசுத்தாள்.

“யக்கா, எங்க நிக்க?”

“கரையிலதாம்ட்டி.”

“வெளையாடாத. எனக்குப் பின்னால நின்னு மூச்சு விடுத. கழுத்துல படுது.”

“ஏட்டி, நான் இங்கன பனை மூட்டுல நிக்கேன். கையாட்டுதேன், பாரு.”

மறைப்பின் சேலை லேசாக விலகி மூடியது.

“யக்கா, மூச்சு இன்னும் நிக்கல.”

“எந்திரிச்சு வா.”

“படம்க்கா…”

“முட்டை வேகுதுட்டி.”

மாரி கேமராவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். குருவி காலி மறைப்புக்கு மேலே கத்திக்கொண்டேதான் இருந்தது.

போனது இரண்டு பேர், வந்தது இரண்டு பேர். குருவிக்கு இன்னும் ஒரு ஆள் வரவேண்டியிருந்தது.

திரும்பப் போனோம். சேலையை அவிழ்த்தேன். உள்ளே ஸ்டூல் மட்டும்தான். “வாங்க, போவோம்” என்று மரியாதையாகச் சொன்னேன். எங்களுக்கு நடுவே ஒரு ஆள் நடக்க இடம் விட்டு நடந்தோம். கரைக்கு அறுபத்திரண்டு எட்டு வைத்தோம். மாரி அந்தப் பக்கத்துக் கையை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு வந்தாள்.

கரையேறியதும் கத்தல் நின்றது. குருவி கூட்டில் உட்கார்ந்திருந்தது. பதினொன்றரைக்கு அதன் வயிற்றடியிலிருந்து ஈரமாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. மாரி கரையிலிருந்தே எடுத்தாள். படத்தில் குஞ்சு கடுகளவுதான். ஆனாலும் ஸ்டுடியோவில் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள். நாலும் பொரித்தன. நோட்டில் பன்னிரண்டாவது கூடு என்று எழுதினேன்.

அன்று பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் அந்த ஓரம் அவள், இந்த ஓரம் நான். நல்ல கூட்டம். தென்காசி வரை நடுவில் ஒருவரும் இடம் கேட்கவில்லை.