எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஒரு சாட்டையடி

என் அக்கா புருல், மேய்ச்சல் மலையில் குதிரைப்பால் கறக்கிறவள். பாலைக் கறந்து தீர்ப்பாள், கோபத்தைத் தீர்க்கத் தெரியாது. அந்தக் கோபமும் எனக்காகத்தான். மெடெர் என்கிறவன் என்னை நடுத்தெருவில் காருக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். என் தலையில் மணப்பெண்ணுக்குக் கட்டும் வெள்ளைத் துணியைக் கட்டி, பெண்டாட்டி என்றான். குளிர்காலம் முடிவதற்குள் சலித்துப்போய்த் திருப்பி அனுப்பினான். ஊர் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தது.

"நாலு பேர் பார்க்க அவன வெளுக்காம விடமாட்டேன்டி" என்றாள் அக்கா.

அதற்கு எங்களிடம் ஒரு விளையாட்டே இருந்தது. கல்யாணங்களில் பெண் குதிரையில் முன்னால் பறப்பாள். ஆண் துரத்திப் பிடித்து முத்தமிட வேண்டும். முடியாவிட்டால், திரும்பும்போது பெண் அவனைத் துரத்திச் சாட்டையால் விளாசுவாள். கோடு கிடையாது, நடுவர் கிடையாது, கை ஓயும்வரை அடிதான். ஆனால் மெடெர் கில்லாடி. அக்கா குதிரை ஏறினாலே அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

பிறகு அதே விளையாட்டு போட்டியாயிற்று. மைதானத்தை அளந்து கொடி நட்டார்கள். ஆட்டக்காரர் முதுகில் எண், நடுவர் வாயில் விசில். எல்லைக்கோட்டைத் தாண்டி அடித்தால் தகுதி நீக்கம். இது என்ன கூத்து என்று கிழவர்கள் முகம் சுளித்தார்கள். அக்கா மட்டும் சிரித்தாள். ஜோடியைச் சீட்டுப் போட்டு எடுப்பார்களாம், மறுத்தால் அணியை விட்டே போக வேண்டியதுதான். மெடெரோ மாவட்ட அணியில் பெரிய ஆள். அக்கா வருஷா வருஷம் பெயர் கொடுத்தாள். இந்த வருஷம் சீட்டில் அவன் வந்தான்.

"என்ன புருல், கன்னத்தக் கழுவிட்டு வந்தியா?" என்று கேட்டான், எல்லோருக்கும் கேட்கும்படி.

"நீ முதுகுல எண்ணெய் தடவிட்டு வந்தியாடா?"

போகும்போது அவள் குதிரையின் வாலைக்கூட அவனால் தொட முடியவில்லை. திரும்பும்போது சாட்டையை ஓங்கியபடி அவனை ஒட்டியே வந்தாள். அவன் நெளிந்ததில் வெள்ளைத் தொப்பி மண்ணில் விழுந்தது. கூட்டம் ஊளையிட்டது. அவள் அடிக்கவில்லை.

"போடுக்கா, போடு!" என்று கத்தினேன்.

கோட்டைத் தாண்டியதும் அவன் நிமிர்ந்து இளித்தான். "என்ன, கை நடுங்கிடுச்சா?"

அப்போதுதான் சாட்டை இறங்கியது. சட்டை, எண், தோல் எல்லாம் கிழிந்தன. அவன் குதிரையிலிருந்து உருண்டான். விசில் அலறியது. அக்காவின் பெயரை அடித்துவிட்டார்கள். நான் கை வலிக்கத் தட்டினேன், எனக்கென்ன வெட்கம்?

நடுவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏம்மா, கோட்டுக்குள்ளயே அடிச்சிருந்தா பதக்கம் உனக்குத்தானே?"

"கோட்டுக்குள்ள அடிச்சா அது விளையாட்டு ஐயா" என்றாள் அக்கா.