கிழக்கே வைக்க ஒரு சிவப்புப் பழம்

தெற்கே இருக்கும் தேகு ஊர் ஆப்பிள் என்றால் ஒரு காலத்தில் கொரியாவே சப்புக்கொட்டும். அந்தத் திமிரில்தான் தேகுக்காரி ஓக்புன், வடக்கெல்லைப் பனிமலையில் குடியிருந்த தன் ஓரகத்தி மால்சுக்கைக் "கெழங்குக்காரி" என்றே கூப்பிடுவாள். அங்கே உருளைக்கிழங்கை விட்டால் வேறென்ன விளையும்?

இப்போது எல்லாம் தலைகீழ். ஊர் உலகம் எரித்த கரியும் எண்ணெயும் தேகுவின் இரவுக் குளிரைத் தின்றுவிட்டன. இரவு குளிராவிட்டால் ஆப்பிளுக்கு நிறம் ஏறாது. மால்சுக்கின் மலையிலோ பழம் ரத்தச் சிவப்பு.

அறுவடைத் திருநாளுக்கு அவள் ஒரு பெட்டி ஆப்பிள் கொண்டுவந்தாள். வயிறெரிந்த ஓக்புன் அதை அடுப்படியில் தள்ளிவிட்டுத் தன் பழங்களையே எடுத்து வந்தாள்.

முன்னோர் படையலில் சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே. கணவர் அவள் ஆப்பிளைப் பேரிக்காயோடு சேர்த்து மேற்கே அடுக்கினார்.

"சரி, சிவப்புப் பழம் எங்கடி?"

ஓக்புன் அடுப்படிக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தாள்.

"நல்லா சிரிச்சுக்கடி, கெழங்குக்காரி!"

"எங்கக்கா சிரிக்க? எங்க ராத்திரியும் வருஷா வருஷம் சூடாகுது. உங்க குளிர் எங்ககிட்ட ஓடிவந்துச்சு. எங்களுக்கு வடக்க வடகொரியா எல்லை முள்வேலிதான் இருக்கு, அதைத் தாண்டி நாங்க எங்க போக?"

இத்தனை வருஷமாக ஓக்புன் வேண்டிக்கொண்ட செய்திதான். ஆனாலும் சந்தோஷம் வரவில்லை.