கிளட்சுக்குக் காற்று எடுத்த நாள்

அன்று சாயங்காலம் மாதா கோயிலில் அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை. காலையில் அப்பா போர்டிகோவில் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்ச் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாதமாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டேன், பாத்திரம் கழுவினேன், பிரான்சிலிருந்து அண்ணன் போனில் அழுதால் உம் கொட்டினேன். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை.

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அப்பாதான் காரை எடுத்தார். ரெட்டியார்பாளையம் தாண்டுவதற்குள் ஒரு சிக்னலில் கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் விழவில்லை. ஆட்டோவை நிறுத்தி அம்மாவை ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. முன்பே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அப்பா தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

"பூசைக்கு இந்தக் கார்லதான் வருவேன். ஆட்டோல ஏற மாட்டேன்" என்று மட்டும் பிறகு சொன்னார். சொன்னால் சொன்னதுதான். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் வண்டி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் பட்டாளத்துக்காரர்களைச் சொல்தா என்பார்கள் எங்கள் ஊரில். பென்ஷனோடு வீம்பும் சேர்ந்து வரும். அந்தக் காரை வேறு எந்த மெக்கானிக்கும் தொட்டதில்லை. கிளட்சுக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாகச் சென்னையிலிருந்து வரவழைத்து முதல்நாள் அவரே மாட்டிவிட்டார். காற்று எடுப்பதுதான் பாக்கி.

சிலிண்டரைக் கழற்றி மாட்டினால் குழாயில் காற்று புகுந்துவிடும். அது இருக்கும்வரை பெடலில் பலம் இருக்காது. வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, அடியில் இருப்பவர் குழாய் முனையில் உள்ள நிப்பிளைத் திறப்பார். ஆயிலோடு காற்றும் வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். எங்கள் வீட்டில் மிதிப்பது அம்மாவின் வேலை. உயரம் போதாமல் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்வாள். மடியில் அவரைக்காயைப் போட்டு நார் உரித்துக்கொண்டே மிதிப்பாள். அந்தத் தலையணை இன்னும் பின் சீட்டில் கிடந்தது.

அடியிலிருந்து டங் என்று ஒரு சத்தம். ஸ்பேனர் எதிலோ இடித்ததாக நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒரு டங்.

"மிதிக்கணுமாப்பா?"

மிதித்தேன். பெடல் சொதசொதவென்று இறங்கியது. என்ன செய்கிறார் என்று பார்க்கக் கதவுப் பக்கம் குனிந்தேன். கால் தானாக எழும்பிவிட்டது.

"ஏன் காலை எடுத்த? எல்லாக் காத்தும் உள்ள போயிடுச்சி."

"நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"ரெண்டு தட்டு தட்டினாத்தான எடுக்கணும்?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அவளுக்குத் தெரியும்" என்றார்.

ஒரு தட்டு என்றால் மிதித்துப் பிடி. இரண்டு என்றால் எடு. அதே வீட்டில் பிறந்து வளர்ந்தும் இது எனக்குத் தெரியாது. இருவரும் சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் கார் வேலை மட்டும் எப்படித் தடையில்லாமல் நடந்தது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

பானெட்டைத் திறந்து கிளட்ச் ஆயில் டப்பாவை நிரப்பிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். தலையணையை எடுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டேன். எனக்கு அது தேவையில்லை, நான் அப்பாவின் உயரம். அவர் தட்டினார், மிதித்தேன். தட்டினார், எடுத்தேன். போகப்போகப் பெடல் காலை எதிர்த்து நின்றது.

"இப்ப கெட்டியா இருக்குப்பா."

"ம். மூடிட்டேன்" என்றார். ரப்பர் குழாயை உருவி, ஆயில் பாட்டிலை வெளியே தள்ளினார். அவர் வெளியே வருவார் என்று கதவைத் திறந்து வைத்தேன். வரவில்லை.

ஒரு தட்டு கேட்டது.

அதான் முடிந்துவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் மிதித்தேன். இரண்டு தட்டு. காலை எடுத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு தட்டு, முன்பைவிட மெதுவாக.

அவர் தட்டியது எனக்கு இல்லை. அது புரிந்ததும் ஒரு மாதமாக வராத அழுகை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். சத்தம் கேட்டால் மேலே உட்கார்ந்திருப்பது நான் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.