கண்ணுக்குத் தெரிந்த ஹாரன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து படப்பை வீட்டுக்குத் திரும்பினால், என் சோபாவில் ஒரு காரின் டேஷ்போர்டு மல்லாக்கப் படுத்திருக்கிறது. சுற்றிலும் ஸ்க்ரூ, கிளிப், கலர் கலராக ஒயர். ஃபேனுக்குக் கீழே சௌகரியமாகத்தான் இருந்தது... வெயிலில் அலைந்து வந்த விருந்தாளி மாதிரி.

“இன்னா தம்பி இது?”

“வெளிய தூறுதுக்கா. நனைஞ்சா வேலைக்காவாது. அதான் உள்ள தூக்கினு வந்தேன்.”

சொன்னவர் சகாயம். என் தங்கை ரெஜினாவின் வீட்டுக்காரர். எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார்கள். ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் ஒயரிங் லைனில் வேலை. வாரம் முழுக்கப் புது கார்களுக்கு ஒயர் மாட்டுகிற மனுஷன், லீவு நாளில் உட்கார்ந்து சொந்தக் காரின் ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“நல்லா ஓடிட்டிருந்த வண்டியை ஏன் இப்படிப் பண்றீங்க?”

“என்னைக் கேக்காதக்கா. உன் தங்கச்சியக் கேளு.”

தங்கச்சி தரையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். வாரா வாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்தியதில்லை. ரெஜினாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எங்களுக்குள் பேச்சு என்றால் கைப்பேச்சுதான். ஆகவே, இனி அவள் ‘சொன்னாள்’ என்று நான் எழுதுவதெல்லாம் அவள் கைகள் சொன்னது.

விஷயம் இதுதான். ரெஜினா ஒரகடத்தில், காருக்கு விளக்கு தயாரிக்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறாள். கண்ணாடியில் முடி கனத்துக்குக் கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவாள். அந்தக் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் புதிதாக ஒரு யூனிட் தொடங்கியது. காது கேளாத பெண்கள் ஒரு குழுவாக அங்கே வேலைக்குச் சேர்கிறார்கள். அவர்களுக்குக் கைப்பேச்சிலேயே வேலை கற்றுக்கொடுக்க ஒரு லைன் லீடர் வேண்டும். ‘நீ வர்றியா?’ என்று கேட்டார்கள்.

வராமல்? அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தொடவே இல்லை அவள். இரண்டு கையும் பேசிக்கொண்டே இருந்தால் எந்தக் கையால் சாப்பிடுவது?

ஆனால், படப்பையிலிருந்து அந்த யூனிட்டுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடியும் ஷேர் ஆட்டோ என்று மாறி மாறிப் போனால், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரத்துக்கு உள்ளே போகலாம். சகாயம் கொண்டுபோய் விடலாம் என்றால் அவருக்கும் ஷிஃப்ட். காரை அவளே ஓட்டிப் போனால்தான் உண்டு.

லைசென்ஸ் இருக்கிறது. காது கேளாதவர்களுக்கும் லைசென்ஸ் தருகிறார்கள் தெரியுமோ? நன்றாகவும் ஓட்டுவாள். ஆனால், பக்கத்தில் சகாயம் இல்லாமல் தனியாக எடுக்க நாங்கள் விட்டதில்லை. அந்த ரோடு அப்படி! கன்டெய்னர், புது கார்களை அடுக்கிக்கொண்டு போகிற நீள நீளமான லாரிகள், ஷிஃப்ட் பஸ்கள்... எல்லாம் பறக்கும்.

“பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சா உனக்கு எப்படிடி தெரியும்?” என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “உனக்கு நான் கேட்கணுமா... தெரிஞ்சுக்கணுமா?”

அதற்கப்புறம்தான் டேஷ்போர்டு என் சோபாவுக்கு வந்தது.

திட்டம் அவளுடையது. டிப்ளமோவில் கம்ப்யூட்டர் படித்தவள். சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள். அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் உட்காரும். காரின் நாலு மூலையிலும் நாலு மைக். பழைய பாட்டுப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு டச் ஸ்க்ரீன். வலது பின்பக்கம் யாராவது ஹாரன் அடித்தால், திரையின் அந்த ஓரம் சிவப்பாகும். ஆம்புலன்ஸ் சைரன் என்றால் நீலம். படிக்க வேண்டியதில்லை, கண்ணோரத்தில் நிறம் தெரிந்தால் போதும்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

முதல் நாள், சாவியைத் திருப்பினால் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரி ஒரு நொடி மூச்சு வாங்கும், கம்ப்யூட்டர் செத்துவிடும். மறுபடி விழிக்கும். சகாயம் மதியம் வரை அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் நடுவே ஏதோ ஒரு பெட்டியை மாட்டிச் சரி செய்தார். மறுநாள், மைக்குகள் காற்றுச் சத்தத்தையெல்லாம் ஹாரன் என்று நினைத்துக்கொண்டன. அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். நான் குளிக்கப் போனால் ஸ்பாஞ்சைக் காணோம்! நாலு துண்டாகி நாலு மைக்குக்கும் தொப்பியாகியிருந்தது.

“புதுசு வாங்கித் தரேன்க்கா” என்றார். இன்னும் வரவில்லை.

டேஷ்போர்டைத் திரும்ப மாட்டி, சகாயம் ஓட்ட, ரெஜினா முன் சீட்டில், நான் பின்னால். ஒரகடம் ரோட்டில் ஏறினோம். மொத்தத் திரையும் சிவப்பு! வலது, இடது, முன்னால், பின்னால்... ஓரம் என்று ஒன்றே இல்லை. அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி தகதகவென்று எரிகிறது.

“புட்டுக்கிச்சு போல” என்றார் சகாயம்.

நான் ஜன்னலை இறக்கினேன். ஒன்றும் புட்டுக்கவில்லை. அத்தனையும் நிஜ ஹாரன்தான். நமக்குத்தான் பழகிப் போய்க் காதில் விழுவதில்லை.

ரெஜினா வாயைப் பிளந்து அந்தத் திரையையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “நாள் பூரா இவ்வளவு சத்தத்துலயா இருக்கீங்க? எதுக்கு அடிக்கிறாங்க?”

எதுக்கு? யோசித்துப் பார்த்தேன். முன்னாடி அடிக்கிற பைக்காரர், சிக்னல் இன்னும் ஏன் பச்சை ஆகவில்லை என்று கேட்கிறார். ஷேர் ஆட்டோ, ‘வர்றீங்களா?’ என்று கூப்பிடுகிறது. அந்த பஸ் எதிரே வந்த பஸ்ஸுக்கு வணக்கம் சொல்கிறது. இந்த வேன்... சும்மா. கை இருக்கிறது, ஹாரன் இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் கையால் சொல்லி முடித்தேன். பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “அப்போ இதுல ஒண்ணுகூட எனக்குத் தேவை இல்லையே!”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சகாயத்துக்கும்தான். வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார்.

ஆக, எது வெட்டி ஹாரன், எது விஷயமுள்ள ஹாரன் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு காது தேவை. நான்தான்! ரோட்டோர டீக்கடை பெஞ்சில் நானும் அவளும் லேப்டாப்போடு உட்கார்ந்தோம். சத்தம் வரும், திரையில் ஒரு கோடு எழும். ‘இது?’ என்று புருவத்தைத் தூக்குவாள். ‘பைக், சும்மா.’ ‘இது?’ ‘லாரி, கோபமா.’ ‘இது?’ ‘ஆம்புலன்ஸ்.’

டீ மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இன்னா மேடம், ஹாரன் அட்சா ஃபைன் போடப் போறாங்களா?”

விவரம் சொன்னேன். ஒரு நிமிஷம் ரெஜினாவைப் பார்த்தார். அப்புறம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவரைக் கூப்பிட்டார். “அண்ணே, உன் வண்டி ஹாரன கொஞ்சம் அட்சுக் காட்டேன். பாப்பா படிக்கணுமாம்!”

அந்த மனுஷன் அடித்த அடியில் பெஞ்சிலிருந்த டம்ளர் ஆடியது. ரெஜினா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னொரு தரம் அடித்தார். பக்கத்தில் நின்ற பஸ்காரரும் தன் பங்குக்கு அடித்தார். எனக்கு ரெண்டு நாள் காது ‘கொய்ங்’.

புது வேலையில் சேர்வதற்கு முந்தைய சனிக்கிழமை, ஒத்திகை. சகாயத்துக்கு OT. ‘அக்கா கூட வரட்டும்’ என்றாள் ரெஜினா. ஏறினேன். சீட் பெல்ட்டைப் போட்டு, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டேன். கையில் ஜெபமாலை இருந்தது என்பதை இங்கே சொல்வதில் வெட்கமில்லை.

அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள். கண் ரோடு, கண்ணாடி, ரோடு, கண்ணாடி என்று போய்க்கொண்டே இருந்தது. திரை பெரும்பாலும் கறுப்பாக, அமைதியாக இருந்தது. எப்போதாவது ஓர் ஓரத்தில் சிவப்பு. பார்த்தால் சரியாக அங்கே ஒரு லாரி.

ஒரகடம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் போகும்போது, திரையின் பின்பக்க ஓரம் நீலமானது.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஏ.சி. சத்தம். பக்கத்தில் வந்த கன்டெய்னரின் உறுமல். வேறொன்றும் இல்லை. ‘தப்பாக் காட்டுது’ என்று சொல்லக் கையைத் தூக்கினேன். அவள் அதற்குள் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, இடது ஓரம் ஒதுங்கிவிட்டாள். நீலம் இன்னும் அழுத்தமானது. முன்னால் போன காரும், பக்கத்துக் கன்டெய்னரும் அசையக்கூட இல்லை.

அப்புறம்தான் எனக்குக் கேட்டது... மெல்லிசாக, தூரத்தில், சைரன்.

நாங்கள் விட்ட வழியில் ஆம்புலன்ஸ் சர்ரென்று போனது. முன்னால் போன கார் அதற்குப் பிறகுதான் பதறிப்போய் விலகியது. ஆம்புலன்ஸ் டிரைவர் ஜன்னல் வழியே எங்களுக்கு ஒரு கை காட்டிவிட்டுப் போனார்.

ரெஜினா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டீயரிங்கைப் படபடவென்று தட்டினாள். சத்தம் போட்டு, முழுக் குரலில் சிரித்தாள். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். ஜெபமாலையைக் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினேன், அது போதும்.

இருங்காட்டுக்கோட்டை யூனிட் கேட்டில் செக்யூரிட்டி வந்து ஏதோ கேட்டார். ரெஜினா திரையைத் தொட்டாள். பெரிய எழுத்தில் வந்தது: ‘எனக்குக் காது கேட்காது. எழுதிக் காட்டுங்கள்.’

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். புரிந்தது என்று தலையாட்டினார். பிறகு குனிந்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். “சரிம்மாஆஆ! உள்ள போய் லெஃப்ட்ல நிறுத்தும்மாஆஆ!”

திரையின் வலது ஓரம் சிவந்தது. கம்ப்யூட்டர் அவரை லாரி என்று முடிவு செய்துவிட்டது!

ரெஜினா திரையைக் காட்டினாள். நான் விளக்கினேன். அவருக்கு முதலில் கூச்சம், அப்புறம் சிரிப்பு. “லெஃப்ட்” என்று கையாலேயே காட்டினார். இது முதலிலேயே தோன்றியிருக்கக் கூடாதா? அவரைச் சொல்லி என்ன... காது கேட்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கத்து என்றுதானே நம் எல்லோருக்கும் தோன்றுகிறது? ஹாரனும் அதே கதைதான்.

திங்கட்கிழமை காலை ரெஜினா தனியாகக் கிளம்பினாள். சகாயமும் நானும் வீட்டு கேட் வரை போய் நின்றோம். போய்ச் சேர்ந்ததும் போட்டோ அனுப்பினாள். லைன் முன்னால் அவள், சுற்றிலும் அந்தப் பெண்கள், அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் பேசுகிறது. போட்டோவே சலசலவென்று இருந்தது.

ஒன்று விட்டுப்போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். ஓட்டுகிறவளால் என் கையைப் பார்க்க முடியாதுதான். ஆனால், சந்தோஷம் வந்தால் வாய் சும்மா இருக்கிறதா? ஸ்ரீபெரும்புதூர் சிக்னலில் நின்றபோதுதான் கவனித்தேன். திரையின் கீழ் மூலையில் ஒரு பச்சைக் கோடு எகிறி எகிறிக் குதித்துக்கொண்டிருந்தது.

“இது என்ன வண்டி?”

“வண்டி இல்லை. காருக்குள்ளயும் ஒரு மைக் வச்சிருக்கோம். அது நீ.”

சொல்லிவிட்டு ஒரு பட்டனைத் தொட்டாள். பச்சைக் கோடு மறைந்தது. சிக்னல் விழுந்தது, கிளம்பினோம்.

காதே கேட்காத ஒருத்தி மியூட்டில் போட்ட ஒரே ஆள், இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்!