நேந்துவிட்ட சேவலும் என் காலும்

நேற்று சாயங்காலம் தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கி வந்த ரோஸ் கலர் கோழிக்குஞ்சுக்கு முன்னால் காலை நீட்டி, "வாலே, சண்டைக்கு வா" என்று கூப்பிட்டான். குஞ்சும் அவன் பெருவிரலைக் கொத்தியது. நான் போட்ட சத்தத்தில் அவன் அழுதுவிட்டான். அவன் அக்கா தன் கன்னத்துத் தழும்பைத் தடவிக்கொண்டாள். பிள்ளைகளே, வாயால் சொன்னால் அப்பாவுக்குக் கோபம்தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

தம்பி, நீ பிறப்பதற்கு முன்னால் கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மழை பெய்தால் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயிலடித்தால் பின்வாசலில் கை நுழைகிற அளவு வெடிப்பு. ஆறு பெட்டைக்கோழிகள் அந்த வெடிப்புக்குள் தலையை விட்டுப் பூச்சி தேடும். அக்காவுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. சுடலைமாடசாமியை வேண்டி, இருந்த குஞ்சுகளில் செவலையாக ஒன்றை நேந்துவிட்டேன். காய்ச்சல் இறங்கியது.

நேந்துவிட்ட சேவலை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, கோயில் கொடைத் திருவிழாவில் பலி கொடுக்கும் வரை உடம்பில் ஊனமில்லாமல் வளர்க்க வேண்டும். வளர்த்தேன். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்ததும் அதற்கு முன்னால் காலை நீட்டிச் சண்டைக்குக் கூப்பிடுவேன். அது சிலிர்த்துக்கொண்டு பாயும். அக்கா கைதட்டிச் சிரிப்பாள். எனக்கும் ஒரு பெருமை.

பிறகு அதன் காலில் முள் முளைத்தது. என் கெண்டைக்காலில் ரத்தம் வராத நாளில்லை. வாளி மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போன ஆள் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். பெட்டைகள் பாடு இன்னும் மோசம். சேவல் ஏறி ஏறி முதுகெல்லாம் மொட்டையானது. கருப்பி என்ற பெட்டைக்கு இறக்கைக்கடியில் சதை கிழிந்து தொங்கியது. மஞ்சள் அப்பினேன், புழு வைத்துச் செத்தது. முள்ளை வெட்டலாம் என்றால் அது ஊனம். மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அடைத்து, மேலே ஒரு கல்லை வைத்தேன்.

ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டு மதினி வேலிக்கு அங்கிட்டு நின்று சிரித்தார். "கொழுந்தனாரே, காலை நீட்டி நீட்டிப் பழக்குனது நீங்க. அது ஒங்களையும் ஒரு சேவலுன்னுல்லா நெனைக்குது."

உங்கள் அம்மா சிரிக்கவில்லை. "சாமி சேவலுன்னா சாமிகிட்டயே கொண்டு விடுங்க. பிள்ளை கண்ணைக் கொத்திட்டா மாடனா வந்து பாப்பாரு?"

கொடைக்கு இன்னும் பதினைந்து நாள்தானே என்றேன்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் பஞ்சாரத்தின்மேல் கல்லை வைக்க மறந்தேன். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்கிறேன், சேவல் வெளியே நிற்கிறது. அதற்கு முன்னால் அக்கா, கொலுசுக் காலை நீட்டி ஆட்டிக்கொண்டு, என்னைப் போலவே கூப்பிடுகிறாள். நான் ஓடுவதற்குள் அது எழும்பி முகத்தில் பாய்ந்துவிட்டது. முள் கன்னத்தில் இறங்கி, பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது.

இதை மறைக்க மாட்டேன். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து அந்தச் சேவலைத் துவைக்கிற கல்லில் அடித்தேன். ஒரே அடியில் செத்திருக்கும். நான் நிறுத்தவில்லை. சட்டையெல்லாம் ரத்தம். அக்கா தன் கன்னத்து ரத்தத்தை மறந்து, என்னைப் பார்த்துத்தான் அலறினாள்.

ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒரு விரல்கடை கீழே. கொடைக்கு வேறு சேவல் கொடுத்தேன், சாமி முகத்தைப் பார்க்காமல்.

அதன் பிறகுதான் ஒன்று தெரிந்தது. வல்லூறு நிழல் விழுந்தால் அந்தச் சேவல் ஒரு குரல் கொடுக்கும். பெட்டைகள் உடைமரத்தடிக்கு ஓடிவிடும். அது கீரியை விரட்டியதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் குரல் போனது. ஒரே மாதத்தில் ஐந்து பெட்டைகளும் போயின.

இப்போது அங்கே பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். மதினி ஆடுகளை விற்றுவிட்டு மகனோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். இந்த வீட்டில் பின்வாசலே கிடையாது. குஞ்சு பாத்ரூம் வாளிக்குள் கத்துகிறது.

தம்பி, நாளைக்கு அதற்குக் கம்பு தூவும்போது காலை நீட்டாமல் சம்மணம் போட்டு உட்கார். நானும் உட்காருகிறேன். அக்காவையும் கூப்பிட்டேன். "நான் கதவுக்கு அங்கிட்டே நின்னுக்கிடுதேன்ப்பா" என்றாள். கைதட்டிச் சிரித்த அந்தச் சிரிப்பை நான் பிறகு கேட்கவே இல்லை.