குடிலில் வைத்த பீரங்கி வண்டி

சொல்தா இன்னாசி பெரிய வாயாடி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் மனுஷர். கப்பலில் வாந்தி எடுத்த கதை, பனியில் பூட்ஸ் ஒட்டிக்கொண்ட கதை என்று வில்லியனூர் டீக்கடையையே சிரிக்க வைப்பார். கூடவே பட்டாளத்துக்குப் போன தம்பி சவரிநாதன் பேச்சை எடுத்தால் மட்டும் வாயைக் கட்டிவிட்டது போல ஆகிவிடும். "காய்ச்சல்ல பூட்டான்பா" என்பார், அதோடு சரி.

தம்பி பெண்சாதி அன்னாமேரியிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். கல்யாணம் ஆகி வருஷம் திரும்புவதற்குள் புருஷனைக் கப்பலேற்றியவள். செத்த சேதி ஒரு காகிதமாக வந்ததே தவிர, அவன் சட்டைப் பொத்தான்கூட வரவில்லை. இன்னாசி தன் வீட்டிலேயே அவளை வைத்துக்கொண்டார். அவருடைய பெண்சாதி போன பிறகு மகன் தாமஸை வளர்த்து ஆளாக்கியதும் அவள்தான். மாமா மாமா என்று அவர்மேல் உயிரையே வைத்திருந்தாள். உண்மை தெரிந்தால் அந்த மாமா என்கிற வார்த்தை போய்விடுமே என்பதுதான் அவருக்குப் பயம்.

எழுபத்திரண்டில், கிறிஸ்துமஸுக்கு முன்னால், பிரான்சில் வேலையில் இருந்த தாமஸ் ஒரு பார்சல் அனுப்பினான். அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்திருக்கிறான், பாவம். உள்ளே, உலக யுத்தத்தில் எதிரி டாங்கிகளை உடைக்க ஜெர்மன்காரன் செய்த பீரங்கி வண்டி, உள்ளங்கை அளவில் பொம்மையாக. அந்த ஊரில் பெரிய மனுஷர்களே இதை வாங்கி அலமாரியில் சேர்த்து வைப்பார்களாம். சங்கிலிச் சக்கரம், ஆணி, துரு, சேறு என்று ஒன்று விடாமல் செய்திருந்தான் அந்தப் பொம்மைக்காரப் பாவி. இன்னாசி ஒருமுறை பார்த்தார். பெட்டியை மூடிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார்.

வருஷத்தில் வந்த புதுப்பொருள் எதுவானாலும் கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை யேசுவின் முன்னால் வைத்து எடுப்பது அந்த வீட்டு வழக்கம். போன வருஷம் ரேடியோ. இந்த வருஷம் அன்னாமேரி அந்த வண்டியை வைத்தாள். சாயங்காலம் இன்னாசி வீட்டுக்குள் நுழைந்தபோது, வைக்கோல்மேல் கிடந்த பாலனின் நெஞ்சுக்கு நேராகப் பீரங்கி நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா மாமா, இதோட மூக்கு திருப்புனா திரும்பல? ஒடஞ்சி வந்துட்ச்சா?"

"அது அப்டித்தான். வண்டியே மொத்தமா திரும்பணும்" என்றவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இதத்தாம்மா அவங்கிட்டயும் சொன்னேன். பக்கவாட்டுல ஓடுடா, இது திரும்பறதுக்குள்ள அந்தாண்ட சொவத்துக்குப் பூடலாம்னேன். ஓடுனான். அதுக்குள்ள திரும்பிட்ச்சி."

"அப்ப காய்ச்சலு?"

"பொய்யிம்மா."

"நீங்களா ஓடச் சொன்னீங்க?"

"நாந்தான்."

காய்ச்சலில் கிடந்த மனுஷனுக்கு யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமும் ஜெபம் செய்தவள் அவள். அழவில்லை. குடிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னாசி எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அவள் பின்னாலேயே ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். முந்தானையால் துடைத்து, டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவைமேல் வைத்தாள்.

"அத எதுக்கும்மா வச்சிக்கிற?"

"அவரு கடைசியா பாத்தது இதத்தான."

மாமா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.